கீப்பருக்கு பெயில் கிடைச்சிருச்சு

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி ஆபீஸ்ல ரிலீஸ். புது கோடை ஏத்திவிட்டு, எங்கயாவது வெடிக்குதான்னு விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற ஆணி. சும்மா உட்கார்ந்தா தூங்கிருவோம்னு ரூம்மேட் ஒரு படத்தைப் போட்டான். 'மீன் மெஷின்', 2001ல வந்த இங்கிலீஷ் படம். மீன் வெட்டுற மெஷின் பத்தின படம்னு நினைச்சு யாரும் ஓடிடாதீங்க மக்களே. ஜெயில் கைதிங்க ஃபுட்பால் டீம் போடுற கதை.

இங்கிலாந்து டீமோட முன்னாள் கேப்டன் ஒருத்தன். மேட்ச்ல விலை போனவன்னு ஊரே காறித் துப்புது. குடிச்சிட்டு கார் ஓட்டி, போலீஸ்காரங்களை அடிச்சு உள்ள போறான். அங்க ஜெயில் அதிகாரிக்கு சூதாட்டக் கடன். வார்டர்ங்க வச்சிருக்கிற டீமுக்கு நீ கோச்சா இருடான்னு கூப்பிடுறாரு. இவன், அதுக்கு பதிலா கைதிங்கள்ல ஒரு டீம் சேர்த்து உங்க டீமுக்கு பிராக்டீஸ் மேட்ச் தர்றேன்னு சொல்றான். அப்புறம் என்ன, கொலைகாரன், திருடன், பாதி லூசுன்னு ஒவ்வொருத்தனா பொறுக்கி எடுக்கிறதுதான் படம். ஹீரோ வின்னி ஜோன்ஸ் நிஜத்துலயே ஃபுட்பால் பிளேயர். 1988ல லிவர்பூலை தோற்கடிச்சு எஃப்.ஏ. கப் வாங்கின விம்பிள்டன் டீம்ல இருந்தவரு. 1992ல செல்சிக்கு ஆடும்போது மேட்ச் ஆரம்பிச்சு 3 செகண்ட்ல மஞ்சள் அட்டை வாங்கின புண்ணியவான். நடிக்கவே தேவையில்ல.

மூலக்கதை இன்னும் பழசு. 1974ல ராபர்ட் ஆல்ட்ரிச் எடுத்த 'தி லாங்கஸ்ட் யார்ட்'. அதுல அமெரிக்க ஃபுட்பால், அதாவது தோள்ல தலகாணி கட்டிக்கிட்டு முட்டிக்கிற ஆட்டம். 2005ல ஆடம் சாண்ட்லரை வச்சு அதையே மறுபடி எடுத்தாங்க. எத்தனை தடவை எடுத்தாலும் ஓடுற கதை. ஏன்னா, வருஷம் முழுக்க லத்தியால அடிக்கிறவனை ஒன்றரை மணி நேரம் மட்டும் ரூல்ஸ்படியே இடிச்சுத் தள்ளலாம். அந்த சுகம் பார்க்கிறவனுக்கும் கிடைக்கும். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

"தமிழ்ல எடுத்தா செமையா இருக்கும்ல?"ன்னான் ரூம்மேட். நம்மாளுங்க ஏற்கனவே 'வடசென்னை'யில (2018) ஜெயிலுக்குள்ள கேரம் போர்டு வச்சு ஒரு சம்பவம் பண்ணிட்டாங்களேன்னு சொன்னேன். அது காமெடி இல்லடா, கத்திக்குத்துன்னான். சரின்னு ரெண்டு பேரும் ஆள் தேர்வு ஆரம்பிச்சோம். வார்டருக்கு இவரு, சூப்பரின்டெண்டுக்கு அவருன்னு போய்க்கிட்டே இருந்து, கோல் கீப்பர்னு வந்ததும் எனக்கு வாய் நின்னு போச்சு.

படத்துல கைதிங்க டீமுக்கு கீப்பர் ஜேசன் ஸ்டேதம். தனிக்கொட்டடியில அடைச்சு வச்சிருக்கிற ஆளு. மொத்த ஜெயிலும் அவனைக் கண்டா நடுங்கும். எனக்குத் தெரிஞ்சு ஜெயிலுக்குப் போன ஒரே கோல் கீப்பர் அப்படி இல்ல. எலிக்குஞ்சு மாதிரி இருப்பான்.

கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.

கச்சிராயப்பாளையம் பக்கம் எங்க வீடு. அப்பா உரக்கடை வச்சிருக்காரு. கோமுகி அணையைத் தாண்டினா கல்வராயன் மலை ஏற ஆரம்பிச்சிரும். மலையில இருந்து மரவள்ளி, புளி, கடுக்காய் கொண்டு வர்றவங்க திரும்பிப் போகும்போது எங்க கடையில உரம் வாங்கிட்டுப் போவாங்க. பாதிப் பேருக்கு கணக்கு நோட்டுலதான். மலையாளின்னு சொல்ற பழங்குடி மக்கள். கேரளாவுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்ல, மலையை ஆளுறவங்கன்னு அர்த்தம். அந்த மலை ரொம்ப காலம் ஜாகீர்தார்ங்க கையில இருந்துச்சு. 1976லதான் அரசாங்கத்துக்கு வந்துச்சுன்னு பெரியவங்க சொல்வாங்க. இப்ப கல்வராயன் மலைன்னு தேடினா சாராயம்னுதான் வரும். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல 60 பேருக்கு மேல செத்தாங்களே, அது மலையில ஊறல் போட்டு காய்ச்சினது இல்ல, மெத்தனால். ஆனாலும் பேர் என்னவோ மலைக்குத்தான். அதுக்கப்புறம்தான் சென்னை ஹைகோர்ட் தானா முன்வந்து, அந்த மலையில ரோடு, ஆஸ்பத்திரி எல்லாம் என்ன லட்சணத்துல இருக்குன்னு கேட்டுச்சு.

எங்க ஸ்கூலுக்கு மலையில இருந்து வந்து ஹாஸ்டல்ல தங்கிப் படிச்ச பசங்கள்ல ஒருத்தன்தான் கீப்பர். வெள்ளிமலையில இறங்கி இன்னும் ரெண்டு மணி நேரம் நடக்கணும் அவன் ஊருக்கு. பேர் போட மாட்டேன், ஸ்கூல்லயும் யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. கீப்பர்தான். எங்க ஊர்ப் பக்கம் கபடியும் வாலிபாலும்தான் ராஜா. புதுசா வந்த பி.டி. சார் ஒருத்தருக்கு ஃபுட்பால் கிறுக்கு. ஒன்பதாவதுல 11 பேரைப் பிடிச்சு டீம் போட்டாரு. மீன் மெஷின் டீமே எங்களைவிடப் பரவாயில்ல. எனக்கு ஓடத் தெரியாது, அதனால டிஃபென்ஸ். அவனுக்கு ஷூ கிடையாது, அதனால கீப்பர். இதுதான் செலக்‌ஷன்.

முதல் மேட்ச்ல 5-0ன்னு தோத்தோம். எதிர் டீம் கோச் வந்து எங்க கீப்பர் தோளைத் தட்டிட்டுப் போனாரு. அவன் இல்லேன்னா இருபது வாங்கியிருப்போம்னு அவருக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. பந்து எங்க வரும்னு உதைக்கிறவன் காலைப் பார்க்காம இடுப்பைப் பார்ப்பான். மலையில ஆடு மேய்க்கிறப்ப எந்தப் பக்கம் தாவும்னு அப்படித்தான் பார்க்கணும்னு சொல்வான். பத்தாவது முடிச்சான், அதோட நின்னுட்டான். நான் பிளஸ் டூ, இன்ஜினியரிங்னு சென்னைக்கு வந்துட்டேன்.

2017ல அவன் ஆந்திராவுல மாட்டினான். செம்மரம். மலையில வேலை கிடையாது, அக்கா கல்யாணக் கடன் இருக்கு. கட்டட வேலைன்னு சொல்லித்தான் வண்டியில ஏத்தினாங்களாம். பாதி வழியில புரிஞ்சிருச்சு, இறங்கலைன்னான். மூணு மாசத்துக் கூலி ஒரு வாரத்துல கிடைக்கும்னா யாரு இறங்குவா. 2015 ஏப்ரல் 7ல சேஷாசலம் காட்டுல நம்ம ஊர் ஆளுங்க 20 பேரை சுட்டாங்களே, அது நடந்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. எல்லாம் தெரிஞ்சுதான் போயிருக்கான். காட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடியே பிடிச்சிட்டாங்க. அங்க ஒரு ஜெயில்ல மாசக்கணக்கா இருந்தான். வெளிய வந்தப்புறம் நான் ரெண்டு தடவை பார்த்திருக்கேன், ஜெயில் பத்தி பேசினதே இல்ல. நான் கேட்டதில்ல. ஏன் கேட்டதில்லைங்கிறதுக்கு கடைசியில வரேன்.

படம் பார்த்த அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். மொபைல்ல படத்தை ஏத்திக்கிட்டு பஸ் பிடிச்சு வெள்ளிமலைக்குப் போயிட்டேன். அங்க சிக்னல் எந்தப் பாறை மேல ஏறினா கிடைக்கும்னு ஊர்க்காரங்களுக்குத்தான் தெரியும், அதனால டவுன்லோட். டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து ஸ்டேதம் வர்ற சீனா ஓட்டிக் காட்டினேன். ஒரு ஜெயிலுக்குப் போனவன்கிட்ட ஜெயில் காமெடி காட்டுறோமேன்னு உள்ளுக்குள்ள உதறல்தான். அவன் பாட்டுக்கு சிரிச்சான். அப்புறம் ரொம்ப சீரியஸா, "இவன் கையை இவ்ளோ கீழ வச்சிருக்கான் பாரு, மேல போனா கோல்தான்"ன்னான்.

"மாப்ள, நீங்க உள்ள பந்து விளையாடினீங்களா?"

"ஆடாமயா. பழைய துணிய சுருட்டி, மேல பிளாஸ்டிக் கவரு சுத்தி, லுங்கி நூலுல கட்டுவோம். ரெண்டு பக்கெட்டு கோல் போஸ்ட்டு. ஞாயித்துக்கிழமை மட்டும் விடுவாங்க."

எதிர் டீம் வார்டர்ங்களான்னு கேட்டேன். என்னை ஒரு மாதிரியா பார்த்தான். வார்டர் எதுக்குடா ஆடப்போறாரு, அவரு நிழல்ல உட்கார்ந்திருப்பாரு. தமிழ் ஆளுங்க ஒரு பக்கம், தெலுங்கு ஆளுங்க ஒரு பக்கம். அவங்க கோல் போட்டா தெலுங்குல எண்ணுவாங்களாம். அப்படித்தான் பத்து வரைக்கும் தெலுங்கு கத்துக்கிட்டேன், பத்துக்கு மேல தேவைப்படல, நான்தான கீப்பர் அப்படின்னான். இந்தக் கொழுப்பு ஒன்பதாவதுலயே உண்டு.

ஆனா டீம் நிக்காதாம். இந்த வாரம் நல்லா சென்டர்ல ஆடினவன் அடுத்த வாரம் இருக்க மாட்டான். ஒருத்தனுக்கு பெயில், ஒருத்தனை வேற கேஸ்ல வேற ஜெயிலுக்கு மாத்திருவாங்க, ஒருத்தன் வாய்தாவுக்குப் போயிருப்பான். "நல்லா ஆடுறவனுக்கு பெயில் கிடைக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்ட பாவி நான்"ன்னு சொல்லி சிரிச்சான். பெயில் வந்தா டீம் கைதட்டி அனுப்பிட்டு, திரும்பி வந்து யாரை அந்த இடத்துல போடுறதுன்னு சண்டை போடுமாம். நானும் ரூம்மேட்டும் அன்னைக்கு ராத்திரி தேடின தமிழ் சினிமா இதுதான், ஸ்கிரிப்டே ரெடி.

அப்புறம் மொபைலைத் திருப்பிக் கொடுத்துட்டு ஒண்ணு கேட்டான். "இவங்களுக்கெல்லாம் எத்தனை வருஷம்னு சொல்லிட்டாங்களா?"

"ஆமாடா, தண்டனைக் கைதிங்க. ஹீரோவுக்கு மூணு வருஷம்."

"அதான் டீம் போட முடியுது."

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். என்.சி.ஆர்.பி. வெளியிட்ட சிறைக் கணக்குப்படி 2022 கடைசியில இந்திய ஜெயில்கள்ல 5,73,220 பேர். அதுல 4,34,302 பேர் விசாரணைக் கைதிங்க. நூத்துக்கு எழுபத்தஞ்சுக்கு மேல. ஒரு டீம்ல 11 பேர்னா எட்டுப் பேருக்கு எப்ப வெளிய போவோம்னு தெரியாது. நாளைக்கா, மூணு வருஷமான்னு தெரியாதவனை வச்சுக்கிட்டு ஹீரோ எங்க இருந்து பயிற்சி கொடுக்கிறது. அந்த ஆங்கிலப் படத்தோட அஸ்திவாரமே ஒரு தேதிதான், நமக்கு அது கிடையாது.

தேதி இருந்தா என்ன நடக்கும்கிறதுக்கு நிஜ உதாரணம் ராபன் தீவு. மண்டேலா இருந்த அதே ஜெயில். அங்க அரசியல் கைதிங்க பந்து விளையாட விடுங்கன்னு வாரா வாரம் மனு கொடுத்தாங்க. கேட்டவனுக்கு சாப்பாட்டைக் கட் பண்ணாங்க. அடுத்த வாரம் வேற ஒருத்தன் கேட்பான். மூணு வருஷம் கேட்டு, 1967 டிசம்பர்ல அனுமதி வாங்கினாங்க. பெரும்பாலும் நீண்ட தண்டனைக்காரங்க, போக்கிடம் கிடையாது. அதனால சும்மா டீம் இல்ல, லீக்கே ஆரம்பிச்சிட்டாங்க. 'மகானா கால்பந்து சங்கம்'னு பேரு. டிவிஷன், ரெஃப்ரி தேர்வு, ஒழுங்கு நடவடிக்கைக் குழு, எல்லாம் ஃபிஃபா ரூல்ஸ்படி. அதுக்குத் தலைவரா இருந்த டிக்காங் மொசெனெக்கே பின்னாடி தென்னாப்பிரிக்க உச்ச நீதிமன்றத்துக்கெல்லாம் மேல இருக்கிற அரசியல் சாசன கோர்ட்டோட துணைத் தலைமை நீதிபதி ஆனாரு. ஜேக்கப் ஜூமாவும் அங்க ஆடினவருதான். தனிக் கொட்டடியில இருந்த மண்டேலாவை மட்டும் ஆட விடல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அங்க நடந்த ஒரு தகராறு. நல்ல பிளேயரா பொறுக்கி எடுத்து 'அட்லாண்டிக் ரெய்டர்ஸ்'னு ஒரு டீம். அது ஒரு சாதா டீம்கிட்ட தோத்துருச்சு. கோல் செல்லாதுன்னு அப்பீல். அப்பீல் தள்ளுபடின்னதும் மைதானத்துல போய் படுத்துட்டாங்க. மாசக்கணக்குல ஒருத்தருக்கொருத்தர் கடிதம், விளக்கம், மறு விளக்கம். அந்தக் காகிதமெல்லாம் பெட்டி பெட்டியா இன்னைக்கும் இருக்கு. நிறவெறி அரசாங்கத்தோட ஜெயில்ல உட்கார்ந்துக்கிட்டு, ஒரு கோலுக்காக நம்ம சொசைட்டி மீட்டிங் மாதிரி சண்டை போட்டிருக்காங்க. 2007ல ஃபிஃபா அவங்களுக்கு கௌரவ உறுப்பினர் அந்தஸ்து கொடுத்துச்சு.

நம்ம ஊர்லயும் ஒண்ணும் நடக்கலன்னு சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட் 15ல இந்தியன் ஆயில் கம்பெனி 'பரிவர்த்தன்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு ஜெயில்களுக்குள்ள கோச்சுங்களை அனுப்புறாங்க. புழல் ஜெயிலும் அதுல இருக்கு. வாலிபால், செஸ், கேரம்னு போகுது. உலக அளவுல கைதிங்களுக்கு ஆன்லைன்ல நடக்கிற செஸ் போட்டியில 2023ல புனே எரவாடா ஜெயில் டீம் தங்கம் வாங்கினாங்க. சந்தோஷம்தான். ஆனா செஸ்சுக்கு நாலு பேரு போதும், ஃபுட்பாலுக்கு பதினொண்ணு வேணும்ல.

டீம் கலையாம ஒண்ணா இருந்த ஒரு கூட்டம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். 2013 டிசம்பர்ல சேஷாசலம் காட்டுல ரெண்டு வனத்துறை அதிகாரிங்க கொலை செய்யப்பட்டாங்க. அந்தக் கேஸ்ல தமிழ்நாட்டு ஆளுங்க 200 பேருக்கு மேல உள்ள போட்டாங்க, நிறைய பேரு மலைவாசிங்க. 2016 மார்ச்ல திருப்பதி கோர்ட் அத்தனை பேரையும் விடுதலை பண்ணுச்சு. ஒருத்தர் மேல கூட குற்றம் நிரூபணம் ஆகல. ரெண்டு வருஷத்துக்கு மேல. பதினெட்டு டீம் போடலாம், லீக் நடத்தலாம், ராபன் தீவு தோத்துரும். செத்துப்போன அந்த ரெண்டு அதிகாரிங்க குடும்பத்துக்கும் யாரு செஞ்சாங்கன்னு பதில் கிடைக்கல.

இதுவரைக்கும் எழுதினது சுலபம்.

2017 நவம்பர். எனக்கு ஏழாவது செமஸ்டர் பரிட்சை. ஒரு நாள் கீப்பரோட அப்பா எங்க கடைக்கு வந்திருக்காரு. ஆந்திராவுல இருந்து யாரோ கொண்டு வந்து கொடுத்த ஒரு தாள். தெலுங்குல கையெழுத்து. "சார், தம்பி காலேஜுல தெலுங்கு புள்ளைங்க இருக்கும்ல, என்னன்னு படிச்சு சொல்லச் சொல்லுங்க"ன்னு எங்கப்பாகிட்ட கேட்டிருக்காரு. அப்பா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினாரு. என் பக்கத்து ரூம்ல நெல்லூர்க்காரன் இருந்தான். பத்தடி தூரம்.

பரிட்சை முடியட்டும்னு விட்டுட்டேன். ஏதோ வாய்தா தேதியா இருக்கும், வேற என்ன இருக்கப் போகுதுன்னு. நடுவுல அப்பா ஒரு தடவை கேட்டாரு, பார்க்கிறேன்பான்னேன். கடைசி பேப்பர் எழுதிட்டு, படத்துக்குப் போயிட்டு வந்து, அப்புறம் காட்டினேன். ஒன்பது நாள். நெல்லூர்க்காரன் ரெண்டு நிமிஷத்துல படிச்சான். வக்கீல் குமாஸ்தா எழுதினது. பெயில் கிடைச்சிருச்சு, சொத்து உள்ள உள்ளூர் ஜாமீன்தாரர் ரெண்டு பேர் வேணும், சீக்கிரம் வாங்க. அவ்வளவுதான்.

அதுக்கப்புறமும் ஜாமீன்தாரர் பிடிக்க அவங்களுக்கு ரெண்டு வாரம் ஆச்சு. வெள்ளிமலைக்காரனுக்கு ஆந்திராவுல சொத்தோட எவன் ஜாமீன் போடுவான்? காசு கொடுத்துதான் ஆள் பிடிச்சாங்க, கடன் மேல கடன். இந்த மாதிரி பெயில் கிடைச்சும் உள்ளயே கிடக்கிறவங்க விஷயமா 2023 ஜனவரி 31ல சுப்ரீம் கோர்ட் சில உத்தரவு போட்டுச்சு. பெயில் ஆர்டரை ஈமெயில்ல ஜெயிலுக்கு அனுப்பி கைதிகிட்ட கொடுக்கணும், ஏழு நாள்ல விடலேன்னா சட்ட உதவி மையத்துக்குச் சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள ஜாமீன் கட்ட முடியலேன்னா கோர்ட்டே நிபந்தனையைத் தளர்த்தலாமான்னு பார்க்கணும், உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேணும்னு கேட்கிறதே தாமதத்துக்கு ஒரு காரணம்னு. படிச்சப்ப, ஆறு வருஷம் முன்னாடி வந்திருந்தா என் பேர் இதுல வந்திருக்காதேன்னுதான் முதல்ல தோணுச்சு. என் புத்தி.

அந்த ரெண்டு வாரம் சிஸ்டம் கணக்கு. முன்னாடி ஒன்பது நாள் என் கணக்கு. எட்டு வருஷமா அவன்கிட்ட ஜெயில் பத்தி நான் கேட்காததுக்கு காரணம் இதுதான், கேட்டா எந்தத் தேதியில வெளிய வந்தேன்னு சொல்லுவான், நான் மனசுக்குள்ள கழிச்சுப் பார்க்கணும்.

அன்னைக்கு டீக்கடையில, கள்ளக்குறிச்சி போற கடைசி பஸ்சுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்துச்சு. சொல்லிட்டேன். தாள், வாட்ஸ்அப், பரிட்சை, படம், எல்லாம். எந்தப் படம்னு கேட்டான். சொன்னேன். அந்தப் படம் மொக்கையாச்சேன்னான்.

அப்புறம் கொஞ்ச நேரம் பேசல. டீ கிளாஸ்ல இருந்த கடைசி மடக்கைக் கீழ ஊத்தினான். விரலை விட்டு என்னமோ எண்ணினான்.

"ஒம்போது நாளுன்னா ரெண்டு ஞாயித்துக்கிழமை வந்திருக்கும்"ன்னான். "ரெண்டு மேட்ச்."

ஜெயிச்சீங்களா தோத்தீங்களான்னு கேட்க வந்தேன், பஸ் ஹாரன் அடிச்சிட்டான். ஏறி ஜன்னல்கிட்ட உட்கார்ந்ததும் கீழ இருந்து கத்தினான். அந்த மொட்டை கீப்பர் படத்தை ஷேர் பண்ணி விடுறா, முழுசா பார்க்கணும்னு. சிக்னல் கிடைக்கிற பாறைக்கு அவன் என்னைக்கு ஏறுவான்னு தெரியல. நான் அன்னைக்கு ராத்திரியே அனுப்பிட்டேன்.